காற்று வரும் திசை

ரோகிணி அக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, எங்கள் தொழிற்சாலையை இழுத்து மூட வேண்டும் என்று அவர் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், தாமான் எனப்படும் பக்கத்துக் குடியிருப்பின் ஆட்கள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் வாசல் கம்பிக்கு உள்பக்கம், கை நிறைய எண்ணெய்க் கறையோடு நின்று பார்த்தேன்.

என் பெயர் நிஜாம். ஊர் ராமநாதபுரத்துப் பக்கம். கடல் தாண்டி வந்து, தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாக்கும் தொழிற்சாலையில் இயந்திரப் பழுது பார்க்கிறேன். என்னுடைய வேலை பெர்மிட் அந்தத் தொழிற்சாலையின் பெயரில்தான் இருக்கிறது. அது மூடினால் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் அன்றைக்கு அந்த அம்மாளைப் பார்த்து எனக்கு வந்தது கோபம் மட்டுமே. மரியாதை பிறகு வந்தது. எப்படி வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் கண்ணால் காணாத பகுதியெல்லாம் பின்னால் அவரே சொல்லித் தெரிந்துகொண்டது.

நாற்றம் பொய்யில்லை. சாயங்காலம் ஆனால் அழுகிய முட்டைக்கோஸும் சாக்கடையும் கலந்த மாதிரி ஒன்று வந்து கவிழும். தாமானில் துணி காயப்போட முடியாது, ஜன்னல் திறக்க முடியாது. எங்கள் விடுதிக்கும் அது வரும். சோற்றைக் கிண்ணத்தோடு தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவோம். எங்கள் தொழிற்சாலையிலிருந்துதான் வருகிறது என்று நாங்களும் நம்பினோம் என்பதுதான் வேடிக்கை. தாமானுக்கு வடகிழக்கே புகைபோக்கியோடு நிற்பது எங்கள் கட்டடம் ஒன்றுதான். மறுபக்கம், தென்மேற்கே, வெறும் செம்பனைத் தோட்டம், பாமாயில் மரங்கள். செம்பனை மரம் நாறுமா? யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ரோகிணி அக்கா கண் பார்வை பரிசோதிப்பவர். தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. கிள்ளான் வரைக்கும் காரில் போய், அங்கிருந்து கொமுட்டர் என்கிற புறநகர் ரயில். அவருடைய கணவர் கார்த்திகேசு துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். முந்தின வருஷத்திலிருந்து அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. படி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மனைவி எதற்காக ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

போராட்டம் செய்தால் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ரயிலில் போகும்போதும் வரும்போதும் கைப்பேசியில் தேடிப் படிக்க ஆரம்பித்தார். உலகத்தில் எந்த ஊரானாலும் சரி, காற்று எந்த நேரத்தில் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் அடித்தது என்று மணிக்கு மணி பதிந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டதும் தனக்கு மயிர் கூச்செறிந்தது என்று சொன்னார்.

"நமக்காக யாரோ எடுத்து வெச்ச மாதிரி இருந்துச்சு தம்பி. ஒரு காசு கேக்கல, யாரு நீன்னு கேக்கல."

தாமான்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார். நாற்றம் வரும்போதெல்லாம் எந்தத் தெரு என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி போடுங்கள், போதும். மாதக்கணக்கில் செய்திகள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றையும் அந்த நேரத்துக் காற்றோடு பொருத்தினார். திசையை எண்ணாகக் கொடுத்திருந்தார்கள். வடக்கு பூஜ்யம், கிழக்கு தொண்ணூறு, தெற்கு நூற்றெண்பது என்று சுற்றிப் போகும் கணக்கு. நாற்றம் வந்த நேரங்களில் பெரும்பாலும் அந்த எண் தென்மேற்கைக் காட்டியது. அதாவது காற்று தென்மேற்கு நோக்கிப் போகிறது, அப்படியானால் வடகிழக்கிலிருந்து கிளம்புகிறது, அங்கே இருப்பது தொழிற்சாலை. அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். எங்கள் கூரையிலிருந்து வீடுகளின் மேல் பாய்கிற சிவப்பு அம்புகளோடு ஒரு வரைபடம் செய்து இணையத்தில் போட்டார்.

அந்தப் படம் எங்களைக் கலக்கிவிட்டது. ஒரு பத்திரிகை அதை அப்படியே அச்சிட்டது. சுற்றுச்சூழல் அதிகாரிகள் விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். எங்கள் மேலாளர் ராதாகிருஷ்ணன் பொறியியல் படித்தவர். வடிகட்டி, வெப்பநிலை என்று பதில் தயாரித்தாரே தவிர, அந்த அம்புகளை அவரும் சந்தேகப்படவில்லை. கம்பெனி வக்கீலும் சந்தேகப்படவில்லை. விடுதியில் சிலர் ஊருக்குப் போன் போட்டு, வந்துவிடுவோம் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

விசாரணைக்குச் சில நாள் முன்பு ரோகிணி அக்கா லீவு போட்டுவிட்டுத் தேசிய நூலகத்துக்குப் போனார். பிளாஸ்டிக் உருக்கும் வாசம் உடம்பைக் கெடுக்கும் என்று சொல்லும் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றையும் சேர்த்து வைத்தால் வழக்கு இறுகிவிடும் என்று கணக்கு. இணையத்தில் கிடைத்த நல்ல கட்டுரைகள் எல்லாம் பணம் கட்டினால்தான் திறந்தன. உசாத்துணை மேசையில் ஆயிஷா என்ற நூலகர் இருந்தார்.

"பணம் கட்டாதீங்க அக்கா. மெம்பர் ஆயிட்டா நாங்க சந்தா கட்டுற தொகுப்பெல்லாம் நீங்க சும்மா படிக்கலாம். வீட்ல உக்காந்தே படிக்கலாம் லா" என்று ஆயிஷா சொன்னார். "என்ன தேடணும்?"

"பிளாஸ்டிக் உருக்குனா வர்ற வாசம். அழுகுன முட்டைக்கோஸ் மாதிரி."

ஆயிஷா தட்டச்சுப் பலகையில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"இதுல எது உங்களுக்குத் தெரிஞ்சது, எது நீங்க நெனைக்கிறது?"

"புரியல."

"முட்டைக்கோஸ் வாசம், அது நீங்க மோந்தது. பிளாஸ்டிக்னு சொல்றது உங்க பதில். பதில போட்டுத் தேடுனா அந்தப் பதில்தான் திரும்ப வரும். மோந்தத மட்டும் போட்டுப் பாப்போமா?"

போட்டுப் பார்த்தார்கள். கட்டுரைக்கு மேல் கட்டுரையாக வந்தது. ஒன்றிலும் உருகும் பிளாஸ்டிக் இல்லை. கழிவுச் சேறு, அழுகும் குப்பை, காற்றுப் படாமல் தேங்கிக் கிடக்கும் குட்டை, அதிலிருந்து கிளம்பும் கந்தகம் கலந்த வாயு. எல்லாம் இவைதான். அக்காவுக்கு முகம் சுருங்கியது. இருந்தாலும் விடாமல் ஒரு கட்டுரையைத் திறந்து படித்துக்கொண்டே போனார். அதில் இவர் செய்ததைப் போலவே காற்றையும் நாற்றத்தையும் பொருத்திப் பூ மாதிரி ஒரு படம் போட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: இந்த எண்கள் காற்று வரும் திசையைக் குறிக்கின்றன.

போகும் திசையை அல்ல. வரும் திசையை.

தான் எடுத்த தகவலுக்கும் அப்படித்தானா என்று ஆயிஷாவிடம் கேட்டார். "எந்தத் தகவலானாலும் பக்கத்துலயே ஒரு விளக்கக் குறிப்பு வெச்சிருப்பாங்க அக்கா. பாவம், அத யாரும் தொறக்கிறதில்ல" என்று சொல்லி ஆயிஷா அதைத் திறந்து காட்டினார். அங்கேயும் அதே வரி. வானிலைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்களாம். தென்மேற்குக் காற்று என்றால் தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எண்ணாகப் பார்த்ததும் மறந்துபோயிருக்கிறது.

சிவப்பு அம்புகள் அத்தனையும் தலைகீழ்.

"எனக்குக் கைகால் சில்லுன்னு ஆயிருச்சு. அந்தப் பொண்ணு தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. ஒன்னும் கேக்கல" என்றார் அக்கா.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நாற்றம் கிளம்பும் வரை காத்திருந்தார். பிறகு தெரு நடுவில் போய் நின்று துப்பட்டாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கினார். காற்று மெல்லியதுதான். துணி கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு மெதுவாக எழுந்து நீண்டது. எங்கள் தொழிற்சாலையை நோக்கி நீண்டது. முதுகுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம்.

கார்த்திகேசு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டார்:

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் லைப்ரரில இருக்கிற பொண்ணுக்கும்."

"ஃபேக்டரிக்காரனே கண்டுபிடிக்கல. நீ சொல்லலன்னா ஒருத்தனுக்கும் தெரியாது."

"தெரியாது."

"பேப்பர்ல எல்லாம் வந்துருச்சே ரோகிணி."

"உங்களுக்கு மூச்சு இழுக்கிறது ஃபேக்டரிய மூடுனா நிக்கணும். நிக்கலன்னா?" என்று அக்கா கேட்டார். "தப்பான ஆள மூடிட்டு, சரியான ஆள விட்டுட்டு, நான் என்ன பண்ணப் போறேன்?"

கார்த்திகேசு மருந்துக் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, அப்ப சொல்லிரு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார்.

மறுநாள் அக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். இந்தத் தடவை தனியாக, ஒலிபெருக்கி இல்லாமல். காவலாளி நேப்பாளி. தமிழ் பேசும் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"தம்பி, உங்க ஃபேக்டரி எந்தெந்த நாள் மூடியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"எங்க எல்லாரையும் ஊருக்கு அனுப்பப் பாக்குறீங்க, இதையும் நாங்களே எடுத்துக் குடுக்கணுமாக்கா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நான் தப்பா சொல்லிட்டேன்னு நெனைக்கிறேன். அது உறுதியாத் தெரியணும். அதுக்குத்தான் கேக்கறேன்" என்றார்.

என் காதில் விழுந்தது சரிதானா என்று எனக்குச் சந்தேகம். எங்களை எதிர்த்து நின்ற ஆள், ஜெயிக்கப்போகிற நேரத்தில், தானே வந்து இப்படிச் சொல்வதை நான் எங்கேயும் கண்டதில்லை. மேலாளரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ராதாகிருஷ்ணன் முதலில் இது ஏதோ தந்திரம் என்று நினைத்தார். அக்கா மடிக்கணினியைத் திறந்து, தன்னுடைய தவறு எங்கே என்று விரலை வைத்துக் காட்டினார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு விடுமுறை நாள்களைச் சொன்னார். சீனப் புத்தாண்டுக்கு உலைகளை அணைத்து, ஒரு வாரம் பூட்டு போட்டிருந்தோம். அந்த வாரத்திலும் தாமானிலிருந்து செய்திகள் வந்திருந்தன. மற்ற வாரங்களை விடக் குறைவாகக்கூட இல்லை.

அப்போது அங்கேயே உட்கார்ந்து அவர் இன்னொன்றையும் திறந்தார். செயற்கைக்கோள் எடுத்த படங்கள். அதையும் பொதுவில் வைத்திருக்கிறார்கள். தேதியைத் தேர்ந்தெடுத்தால் அந்த நாளில் நம் தலைக்கு மேல் எடுத்த படம் வருகிறது. தோட்டத்துப் பக்கம் நகர்த்தினார். இரண்டு வருஷம் முன்பு முழுக்கப் பச்சை. பிறகு மரங்களுக்கு நடுவே, சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், பழுப்பாக ஒரு புள்ளி. மாதத்துக்கு மாதம் அது துணியில் ஊறும் எண்ணெய் மாதிரி விரிந்துகொண்டே போனது. புள்ளி தோன்றிய மாதத்தைப் பார்த்ததும் அக்கா படத்தை நகர்த்துவதை நிறுத்திவிட்டார்.

"இந்த மாசந்தான் அவரு மொதல்ல இழுத்து இழுத்து மூச்சு விட்டாரு" என்றார் மெதுவாக.

நாங்கள் மூன்று பேரும் அந்தப் பழுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அந்தத் தோட்டத்தை ஒட்டிய சாலையில் தினமும் மோட்டார் சைக்கிளில் போகிறவன்.

தாமான் பொது மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். விசாரணைக்கு என்ன பேசுவது என்று முடிவு செய்யக் கூடிய கூட்டம் அது. அக்கா அழைத்ததால் மேலாளரும் நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். எங்களைப் பார்த்ததுமே சலசலப்பு. ரோகிணி அக்கா எழுந்து நின்றார். சுற்றி வளைக்கவில்லை.

"நான் போட்ட மேப் தப்பு. காத்து போற திசைன்னு நெனைச்சேன், அது வர்ற திசை. நாத்தம் ஃபேக்டரி பக்கம் இருந்து வரல. செம்பனைத் தோட்டத்துப் பக்கம் இருந்து வருது. பேப்பருக்கும் எழுதிட்டேன். பழைய மேப்ப அழிக்கல. அது மேலயே தப்புன்னு எழுதி, எப்படித் தப்புன்னும் போட்டிருக்கேன்."

மண்டபம் கொந்தளித்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் வேலாயுதம் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முகம் சிவந்து எழுந்தார்.

"எத்தனை பேரு கையெழுத்து போட்டாங்க உன்னை நம்பி! இப்ப வந்து தப்புங்கிற. ஃபேக்டரிகாரனையும் கூட்டிட்டு வந்திருக்க. ஜனங்க என்னம்மா நெனைப்பாங்க?"

"ஒரு தடவ என்னை நம்புனதாலதான் அங்கிள் இவ்வளவும். இந்தத் தடவ நம்ப வேணாம்" என்றார் அக்கா. "காத்துத் தகவல் எங்க எடுத்தேன், படம் எங்க எடுத்தேன், நம்ம ஆளுங்க அனுப்புன மெசேஜ், எல்லாத்தையும் பேரு மட்டும் எடுத்துட்டு அப்படியே போட்டிருக்கேன். யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம். நீங்களே செஞ்சு பாருங்க. நான் மறுபடி தப்பு பண்ணியிருந்தா சொல்லுங்க."

பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். விலைபோய்விட்டாள் என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். கார்த்திகேசு சொன்னபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது நான் அக்காவிடம், "ரொம்ப நன்றிக்கா" என்றேன்.

"நன்றி சொல்லாதீங்க தம்பி. உங்க ஃபேக்டரியும் சுத்தம்னு நான் சொல்லல. இந்த வாசம் உங்களுது இல்ல, அவ்வளவுதான்."

வேலாயுதம் அங்கிள் சும்மா இருக்கவில்லை. எப்படியாவது அக்காவின் புதுக் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இறக்கி, முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். வங்கிக்காரர் அல்லவா, விடமாட்டார். ஒரு நாள் காலையில் அச்சடித்த தாள்களோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஒரு தப்பு இருக்கு" என்றார்.

அக்கா தாள்களை வாங்கக் கையை நீட்டினார்.

"ஒரே ஆளு அனுப்புன மெசேஜ சில எடத்துல ரெண்டு தடவ சேத்துட்ட. நான் அத எடுத்துட்டுப் போட்டுப் பாத்தேன்." தாளைத் திருப்பிக் காட்டினார். "அப்பவும் தோட்டத்தைத்தாம்மா காட்டுது."

பிறகு அவரே முன்னால் நின்றார். தாமான் சார்பில் விசாரணையில் பேசியது அவர்தான். அக்காவின் படங்களும் அவருடைய திருத்தமும் ஒன்றாகப் போயின. எங்கள் தொழிற்சாலையை மூடும் பேச்சு அத்தோடு நின்றது. அதிகாரிகள் தோட்டத்துக்குள் போனபோது, மரங்களுக்கு நடுவே வெட்டிய பெரிய குழியும், அதில் கறுப்பாகக் குமிழிவிட்டுக்கொண்டிருந்த சேறும் கிடந்தன. யாரோ ஒரு குத்தகைக்காரர் எங்கிருந்தோ கழிவுச் சேற்றை டேங்கர் லோரியில் கொண்டுவந்து இரவில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வழக்கு இன்னும் நடக்கிறது. குழியைச் சுத்தம் செய்து மண் போட்டு மூட மாதங்கள் ஆகின. நாற்றம் ஒரே நாளில் போகவில்லை. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, பிறகு மழை பெய்தால் மட்டும் வந்தது, பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கார்த்திகேசு மருந்தை முழுதாக விட்டுவிடவில்லை. ஆனால் படி ஏறுகிறார்.

எங்களையும் அக்கா விடவில்லை. வடிகட்டியில் என்ன வெளியே போகிறது என்று அளந்து, மாதாமாதம் அந்த அளவை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போட வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டார். ராதாகிருஷ்ணன் கொஞ்சம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். அளவு கருவியைப் பராமரிப்பது இப்போது என் வேலை. முதல் மாதத்து அளவு நாங்கள் நினைத்ததை விட மோசமாக இருந்தது. அதையும் போட்டோம். வடிகட்டியை மாற்றினோம்.

நான் அதிகம் படித்தவனில்லை. ஐடிஐ முடித்தேன், அவ்வளவுதான். தகவல், ஆராய்ச்சி என்பதெல்லாம் கோட்டு போட்டவர்களின் சமாசாரம் என்று நினைத்திருந்தேன். கதவுகள் திறந்துதான் கிடக்கின்றன என்பதை எனக்குக் காட்டியவர் ரோகிணி அக்கா. ஆனால் கதவு திறந்திருப்பது பாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளே போய்ப் பார்த்தது நாம் விரும்பாததாக இருந்தால், வெளியே வந்து அதையே சொல்ல ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒருவரை நான் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன்.

போன மாதம் என் மனைவி ஊரிலிருந்து பேசும்போது, இறால் பண்ணை வந்த பிறகு கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது என்றாள். உண்மையிலேயே பண்ணையால்தானா, மழை இல்லாததாலா, யாருக்கும் தெரியாது, ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்றாள். அடுத்த விடுமுறை நாளில் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து கைப்பேசியில் தேடினேன். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரை வருஷவாரியாக அளந்து வைத்திருக்கிறார்கள். தாலுக்கா தாலுக்காவாகப் பட்டியலில் இறங்கிப் போனேன். ஊர்ப் பெயர்கள் வந்தன. கடற்கரையை ஒட்டி, பொடி எழுத்தில், எங்கள் ஊரும் இருந்தது. உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"பண்ணை எந்த வருஷம் வந்துச்சு, சரியா விசாரிச்சு சொல்லு" என்றேன். "யாரையும் இன்னும் திட்ட வேணாம்."